ரக்பி கிளப்பில் ஆள் எடுப்பது எப்படி: பாத் அணியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரல் 30. கிங்ஸ்ஹோம் மைதானத்தில் க்ளாஸ்டர் 64, பாத் 0. பக்கத்து ஊர் அணியிடம் வாங்கிய அடி அது. அதே பருவத்தில் சொந்த மண்ணில் சாரசென்ஸிடம் 71-17 என்றும் தோற்றிருந்தார்கள். 13 அணிகள் ஆடிய இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில் பாத் 13-வதாக முடித்தது. அந்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்கு இறக்கும் விதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால்தான் பிழைத்தார்கள்.

2025 ஜூன் 14 அன்று அதே பாத், ட்விக்கன்ஹாமில் லெஸ்டரை 23-21 என்று வென்று 1996-க்குப் பிறகு முதல் லீக் பட்டத்தைக் கையில் ஏந்தியது. நடுவில் இருந்தவை மூன்று ஆண்டுகள்தான். அந்த மூன்று ஆண்டுகளில் யாரை எடுத்தார்கள், எந்த வரிசையில் எடுத்தார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு தொழில்முறை ரக்பி கிளப் ஆள் எடுப்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்ற பிறகு நம் ஊரிலும் ரக்பி பார்க்கத் தொடங்கியவர்கள் உண்டு. அது எழுவர் ஆடும் வடிவம். இங்கே நான் எழுதுவது பதினைந்து பேர் ஆடும் ரக்பி. கிளப்பின் ரக்பி இயக்குநர் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள். ரசிகராக ஒரு அறிவிப்பை எடைபோடவும் இதே படிகள் உதவும்.

படி 1: பெயரைத் தேடாதீர்கள், காலியிடத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். வீரர் பெயர், ஆடும் இடம், வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, எந்த நாட்டுக்கு ஆடத் தகுதி, ஒரு பருவத்தில் எத்தனை வாரம் தேசிய அணிக்குப் போய்விடுவார். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

ஆட்ட நாளில் 23 பேர். 15 பேர் களத்தில், 8 பேர் மாற்று வீரர்கள். ஸ்க்ரம் என்பது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுவது. அதன் முன்வரிசையின் மூன்று இடங்களுக்கும், அதாவது இரண்டு ப்ராப்களுக்கும் ஹூக்கருக்கும், பயிற்சி பெற்ற மாற்று ஆள் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்க்ரம் தள்ளுமுள்ளு இல்லாமல் சும்மா நடக்கும், உங்கள் பலமும் அதோடு போகும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்வரிசைக்காரர்கள் மட்டும் ஆறு பேர் வேண்டும். காயம், ஓய்வு எல்லாம் சேர்த்தால் பருவம் முழுக்க அதில் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். ஸ்க்ரம்மின் வலப்பக்கம் நின்று இரண்டு பேரின் அழுத்தத்தைத் தாங்கும் டைட்ஹெட் ப்ராப்புக்குச் சந்தையில் இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். அந்த வேலையை நன்றாகச் செய்பவர்கள் உலகத்திலேயே குறைவு.

காலியிடம் தெளிவாக இல்லாமல் பெரிய பெயரை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாத்திலேயே உதாரணம் உண்டு. 2014-ல், 13 பேர் ஆடும் தனி வடிவமான ரக்பி லீக்கின் பெரிய நட்சத்திரமான சாம் பர்ஜெஸைக் கொண்டுவந்தார்கள். கிளப் அவரை ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கராக ஆடவைத்தது. 2015 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அவரை பின்களத்தின் நடுவில் ஆடும் சென்டராக ஆடவைத்தது. ஒரு மனிதருக்கு இரண்டு வேலை, இரண்டையும் கற்க நேரமில்லை. உலகக் கோப்பை முடிந்த கையோடு, ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டார். பர்ஜெஸ் உழைப்பில் குறை வைக்கவில்லை. அவருக்கென்று தீர்மானிக்கப்பட்ட ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

படி 2: பயிற்சியாளர் முதலில்

இந்த வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். ஒரு பயிற்சியாளர் விரும்பும் ஆட்டத்துக்கு எடுத்த வீரர், அடுத்தவரின் ஆட்டத்தில் பெஞ்சில் உட்காருவார். 2021-22-ன் வீழ்ச்சிக்குப் பிறகு பாத் செய்த முதல் வேலை யோஹான் வான் க்ரானைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காக்காரர், அந்நாட்டுத் தேசிய அணியில் முன்கள வீரர்களுக்குப் பயிற்சி தந்தவர், 2017 முதல் அயர்லாந்தின் மன்ஸ்டரை நடத்தியவர். 2022 கோடையில் வந்தார். தனியாக வரவில்லை. மன்ஸ்டரில் அவரோடு தற்காப்பைப் பார்த்துக்கொண்ட ஜேபி ஃபெரேராவும் கூடவே வந்தார்.

தலைமைப் பயிற்சியாளரை எடுப்பது என்றால் ஒரு குழுவை எடுப்பது என்று அர்த்தம். ஸ்க்ரம், லைன்-அவுட் (பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது), தாக்குதல், தற்காப்பு, உடற்தகுதி, காணொளி ஆய்வு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. புதிதாக வருபவர் யாரைக் கூட அழைத்து வருவார், இப்போதிருக்கும் யாரை வைத்துக்கொள்வார் என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க நேரும்.

வேறு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்சியாளர் என்றால் முன்னறிவிப்புக் காலம், விடுவிப்பு இழப்பீடு இரண்டையும் பாருங்கள். பயிற்சியாளர் சம்பளம் வீரர்களுக்கான சம்பள வரம்புக்குள் வராது. அதனால் வரம்புக்குக் கட்டுப்பட்ட ஒரு கிளப், அதை மீறாமல் தன்னை மேம்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் வழிகளில் நல்ல பயிற்சியாளர் முக்கியமானவர்.

வெற்றிகளின் பட்டியலை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எங்கெல்லாம் கற்றார் என்று பாருங்கள். அயர்லாந்தின் முன்னாள் வீரர் ரோனன் ஓ'காரா, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாரிஸின் ராசிங் 92-ல் உதவியாளர், பிறகு நியூசிலாந்து போய் க்ரூசேடர்ஸில் உதவியாளர். அதன் பிறகுதான் 2019-ல் பிரான்சின் லா ரோஷெல். 2022-லும் 2023-லும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை அவர்களுக்கு. லா ரோஷெல் அவரை எடுத்தபோது அவரிடம் பெரிய கோப்பை எதுவும் தலைமைப் பயிற்சியாளராக இல்லை. மூன்று நாடுகளின் ஆட்ட முறை கையில் இருந்தது.

வான் க்ரானுக்கும் உடனே பட்டம் வரவில்லை. முதல் பருவத்தில் பாத் 8-வது. 2023-24-ல் இரண்டாமிடம், இறுதியில் நார்தாம்ப்டனிடம் 25-21 தோல்வி. அப்புறம்தான் பட்டம். ஒப்பந்தம் போடும் நாளிலேயே இந்தப் பொறுமைக்கு உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படி 3: சம்பள வரம்பு

வழிகாட்டியின் கடினமான பகுதி இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப் தன் மூத்த வீரர்களுக்கு ஒரு பருவத்தில் செலவழிக்கக்கூடிய அடிப்படைத் தொகை 64 லட்சம் பவுண்டு. கொரோனா நெருக்கடியால் 2021-22 முதல் மூன்று பருவங்களுக்கு 50 லட்சமாகக் குறைத்திருந்தார்கள். 2024-25-ல் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். இதன் மேல் சில சலுகைகள் உண்டு. சொந்த அகாடமியில் வளர்ந்த வீரர்களுக்காக 6 லட்சம் வரை கூடுதல், தேசிய அணிக்குப் போகும் வீரர்களுக்காகக் கொஞ்சம், நீண்டகாலக் காயத்துக்கு மாற்றாள் எடுக்கக் கொஞ்சம். ஒரே ஒரு வீரரின் சம்பளத்தை முழுவதுமாக வரம்புக்கு வெளியே வைக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 லட்சத்தை 40 பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 1.6 லட்சம். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. ஐந்து பேருக்குத் தலா 4 லட்சம் கொடுத்தால் 20 லட்சம் போய்விட்டது. மீதி 44 லட்சத்தில் 35 பேர், தலைக்கு ஏறக்குறைய 1.25 லட்சம். ஆறாவதாக ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்தால் அந்தப் பணம் 23-வது ஆளின் பையிலிருந்துதான் வர வேண்டும். மழையில் நனைந்த டிசம்பர் இரவில், இரண்டு பேர் காயத்தில் வெளியேறிய பிறகு களத்துக்குள் ஓடப்போவது அந்த 23-வது ஆள். அவரை மலிவாக எடுத்திருந்தால் அன்று தெரிந்துவிடும்.

வரம்புக்கு வெளியே வைக்கும் அந்த ஒரு இடத்தை எப்படிப் பயன்படுத்துவது? அணியின் மூளையாக இருக்கும் இடத்துக்குக் கொடுங்கள். ஸ்காட்லாந்தின் ஃப்ளை-ஹாஃப் ஃபின் ரஸ்ஸலை ராசிங் 92-லிருந்து பாத் எடுத்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு தாக்குதலும் அவர் கை வழியாகத்தான் போகும். அவர் எடுக்கும் ஒரு முடிவு மற்ற பதினான்கு பேரின் வேலையை எளிதாக்கும்.

எல்லாமே கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. வீடு, கார், கடன், பங்குத் தொழில் என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது சம்பளம்தான். சாரசென்ஸ் வீழ்ந்தது இங்கேதான். 2016-17 முதல் மூன்று பருவங்களில் நடந்த மீறல்களுக்காக 2019 நவம்பரில் அவர்களுக்கு 35 புள்ளிகள் கழிப்பு, 53.6 லட்சம் பவுண்டு அபராதம். உரிமையாளர் வீரர்களோடு சேர்ந்து செய்த முதலீடுகள் வரம்புக் கணக்கில் காட்டப்படாததுதான் விசாரணையின் மையம். 2019-20 பருவத்திலும் கணக்கைச் சரிசெய்ய முடியாமல் 2020 ஜனவரியில் கீழ்ப்பிரிவுக்குப் போக ஒப்புக்கொண்டார்கள். அணி கலைந்த அந்தக் கோடையில் ஸ்க்ரம்-ஹாஃப் பென் ஸ்பென்சர் அங்கிருந்து பாத்துக்கு வந்தார். பின்னாளில் பட்டம் வென்ற அணித்தலைவர் அவர்தான்.

வரம்பு ஒரு மேற்கூரை மட்டுமே, உங்கள் வருமானம் அல்ல. உரிமையாளரிடம் பணம் இல்லாமல் வரம்பு வரை செலவழித்தால் வேறு ஆபத்து. 2022 அக்டோபரில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் அடுத்தடுத்து மூழ்கின. ஒரே நாளில் வீரர்கள் வேலையிழந்தார்கள். வீட்டுக்கடன், பள்ளிக் குழந்தைகள் எல்லாவற்றோடும் நடுத்தெருவில் நின்றவர்கள் பலர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வீரரின் ஏஜென்ட் உங்கள் கிளப்பின் வரவு செலவைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

படி 4: கொடியும் நாட்காட்டியும்

வீரர் எந்த நாட்டுக்கு ஆடுவார் என்பதைப் பொறுத்து உங்களுக்கு அவர் கிடைக்கும் நாட்கள் மாறும். உலக ரக்பி அமைப்பின் 9-வது விதிப்படி, குறிப்பிட்ட காலங்களில் தேசிய அணி அழைத்தால் கிளப் விட்டுத்தான் ஆக வேண்டும். ஜூலையிலும் நவம்பரிலும் நாடுகளுக்கிடையிலான ஆட்டங்கள், பிப்ரவரி-மார்ச்சில் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டி. பிரீமியர்ஷிப் 10 அணிகளாகச் சுருங்கிய பிறகு ஆறு நாடுகள் வாரங்களில் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன, அந்த இடைவெளியில் பிரீமியர்ஷிப் கோப்பை நடக்கிறது. பிரான்சின் டாப் 14-ல் அப்போதும் லீக் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே தேசிய வீரர்களை அளவுக்கு மேல் வைத்திருப்பது நேரடி இழப்பு. இங்கிலாந்தில் வேறு மாதிரி இழப்பு: திரும்பி வருபவர் களைத்து வருவார், கட்டாய ஓய்வும் தர வேண்டும்.

பாத்தின் டைட்ஹெட் இடத்தைப் பாருங்கள். வில் ஸ்டூவர்ட் இங்கிலாந்து வீரர், அடிக்கடி போய்விடுவார். 2023-ல் டர்பனின் ஷார்க்ஸ் அணியிலிருந்து தாமஸ் டு டோய்ட்டை எடுத்தார்கள். அவர் நாடான தென்னாப்பிரிக்கா ஆறு நாடுகள் போட்டியில் ஆடுவதில்லை, அதனால் அந்த வாரங்களில் தேசிய அணி அவரை அழைக்காது. ஒருவர் இல்லாதபோது மற்றவர், இருவரும் இருக்கும்போது 80 நிமிடமும் ஸ்க்ரம் தளராது. என்னைக் கேட்டால் ரஸ்ஸலைவிடப் பெரிய வேலை இந்த ஒப்பந்தம் செய்தது.

அடுத்தது, வெளிநாட்டில் ஆடினால் தேசிய அணியில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உள்நாட்டில் ஆடுபவர்களையே தேர்ந்தெடுக்கின்றன. தென்னாப்பிரிக்கா எங்கிருந்தாலும் எடுக்கும். இங்கிலாந்து வீரர் ஹென்றி அரண்டெல் கதையை நினைவில் வையுங்கள். லண்டன் ஐரிஷ் மூழ்கியதும் ராசிங் 92-க்குப் போனார். கிளப்பே இல்லாமல் போனதால் 2023 உலகக் கோப்பையில் விதிவிலக்காக ஆடவிட்டார்கள், சிலிக்கு எதிராக ஐந்து ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். பிறகு ராசிங்கில் ஒப்பந்தத்தை நீட்டித்ததும் இங்கிலாந்துக் கதவு மூடியது. 2025-ல் பாத்துக்கு வந்ததும் திறந்தது. இப்படிப்பட்ட வீரரிடம் பேசும்போது உங்கள் கையில் பணத்தைவிடப் பெரிய சீட்டு ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்துத் தேசிய அமைப்பு 2024 ஒப்பந்தத்தின்படி 25 வீரர்கள் வரை, ஆண்டுக்குச் சுமார் 1.6 லட்சம் பவுண்டு நேரடியாகத் தரும் முறையையும் கொண்டுவந்திருக்கிறது. அந்த வீரர்களின் உடல்நலம், ஆடும் அளவு பற்றி தேசியப் பயிற்சியாளருக்கும் குரல் உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பிரான்சில் இருந்தால் உள்நாட்டுப் பயிற்சி விதி இன்னும் இறுக்கமானது. ஆட்ட நாள் 23 பேரில், பருவச் சராசரியாக 16 பேர் பிரெஞ்சுப் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டு அங்கே முக்கியமில்லை. 21 வயதுக்கு முன் கிளப் பயிற்சி மையத்தில் மூன்று பருவமோ, பிரெஞ்சு அமைப்பில் பதிவுபெற்ற வீரராக ஐந்து பருவமோ இருந்தால் போதும். அதனால்தான் பிரெஞ்சு கிளப்புகள் ஃபிஜியிலிருந்து 17, 18 வயதுப் பையன்களைக் கூட்டிவருகின்றன. அவ்வளவு சின்ன வயதில் கடல் தாண்டி வருபவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கிளப்புடையதுதான்.

விசாவையும் தேசிய அமைப்புகளுக்கிடையிலான அனுமதிச் சான்றையும் அலுவலகத்தில் ஒருவரிடம் முழுநேர வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: எப்போது, எங்கே தேடுவது

கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ரக்பியில் கிளப்புக்குக் கிளப் பெரிய தொகை கைமாறுவது அரிது. ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, அடுத்த பருவத்துக்கு முன்கூட்டியே பேசிவைப்பதுதான் வழக்கம். நியூசிலாந்தின் டான் கார்ட்டரை 2014 டிசம்பரிலேயே அறிவித்தது ராசிங். அவர் வந்தது 2015 உலகக் கோப்பை முடிந்து. ரஸ்ஸலும் அப்படித்தான், ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே பாத் அறிவித்துவிட்டது. ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போது பணம் கொடுத்து எடுப்பதும் உண்டு. 2021-ல் துலூஸிடமிருந்து செஸ்லின் கோல்பேயை டூலோன் அப்படி எடுத்தது. அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஆக, உங்கள் அட்டவணையில் இன்னும் 18 மாதத்தில் முடியப்போகும் ஒப்பந்தங்களை வட்டமிடுங்கள். முதல் பேச்சு உங்கள் சொந்த வீரர்களிடம். அவர்கள் போன பிறகு மாற்றாள் தேடுவது எப்போதும் கூடுதல் செலவு.

திடீர் வாய்ப்புக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். வூஸ்டர் மூழ்கியதும் ஆலி லாரன்ஸையும் டெட் ஹில்லையும் பாத் உடனே அழைத்துக்கொண்டது. வாஸ்ப்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லீ பிளாக்கெட் 2023-ல் பாத்தின் தாக்குதல் பயிற்சியாளரானார். பிறர் துயரத்தில் லாபம் பார்ப்பது போலத் தோன்றலாம். ஆனால் வேலையில்லாமல் நின்றவர்களுக்கு யாரோ ஒருவர் உடனே கதவைத் திறக்கவும் வேண்டியிருந்தது.

படி 6: மேசையில் உட்காரும்போது

காணொளியில் வீரரின் சிறந்த பத்து நிமிடத்தைப் பார்க்காதீர்கள், தோற்ற ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தைப் பாருங்கள். பந்து தன் பக்கம் இல்லாதபோது என்ன செய்கிறார்? தடுத்து விழுந்த பிறகு எவ்வளவு வேகமாக எழுகிறார்? பழைய அணியில் சாப்பாடு பரிமாறுபவர், உடைகளைப் பார்த்துக்கொள்பவர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

மருத்துவப் பரிசோதனையில் தோள், முழங்கால், கழுத்து மூன்றுக்கும் ஸ்கேன். தலையில் அடிபட்ட வரலாறு முழுவதும் கேட்டு வாங்குங்கள். அதில் சந்தேகம் இருந்தால், எவ்வளவு நல்ல வீரராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்க மாட்டேன்.

ஒப்பந்தத்தில் ஆண்டுகள், சம்பள உயர்வு, நீண்டகாலக் காயம், கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் என்ன, நடுவில் போக விரும்பினால் என்ன என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 2024 ஜனவரியில் வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-ஸமிட், பருவத்தின் நடுவே க்ளாஸ்டரை விட்டு அமெரிக்கக் கால்பந்துக்குப் போனார். 2025-ல் ரக்பிக்குத் திரும்பியபோது சேர்ந்தது பிரிஸ்டலில். இப்படி ஒன்று நடக்கும் என்று எந்த ஏஜென்ட்டும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

படி 7: அறிவிப்பு

எல்லாக் கையெழுத்தும் முடிந்த பிறகு மட்டும். அதே இடத்தில் ஆடும் உங்கள் வீரரிடம் முந்தின நாளே நேரில் சொல்லிவிடுங்கள், அவர் அதைக் கைபேசியில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

படி 8: வந்த பிறகு

புது வீரருக்கு லைன்-அவுட் சைகைகள், தற்காப்பு அழைப்புகள் எல்லாம் புது மொழி. முன்வரிசைக்காரருக்கு இன்னும் நேரமாகும், பக்கத்தில் நிற்பவரின் தோளோடு தன் தோள் பழக வேண்டும். வீடு, மனைவிக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளி இவை மூன்றும் சரியானால் பாதி வேலை முடிந்தது.

அகாடமிப் பையன்களின் வழியை அடைத்துவிட்டோமா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். 2025 இறுதியில் பாத்துக்காக ட்ரை போட்டவர்கள் இருவர். ஒருவர் டர்பனிலிருந்து எடுத்துவந்த டு டோய்ட். மற்றவர் மேக்ஸ் ஓஜோமோ, பாத் அகாடமியில் வளர்ந்தவர், அவருடைய அப்பாவும் பாத்துக்காக ஆடியவர். மீதிப் புள்ளிகள் ரஸ்ஸலின் காலிலிருந்து வந்தன.

அந்த ஆண்டே லீ பிளாக்கெட் இங்கிலாந்து தேசிய அணியின் பயிற்சிக் குழுவுக்குப் போய்விட்டார். பட்டம் வென்ற கிளப்பில் தாக்குதல் பயிற்சியாளரின் நாற்காலி காலியானது. அட்டவணையை மறுபடி எடுங்கள், முதல் வரியில் அந்த இடத்தை எழுதுங்கள், வெளியே யாருக்கும் போன் போடும் முன் கிளப்புக்குள்ளேயே அதற்குத் தயாராக ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.